தகுதிக் கேள்வியைத் தாண்டித் தவறான ஆட்கள் உள்ளே வந்துவிடுகிறார்கள், என்ன செய்யலாம்?

மானாவாரி | செவ்வாய், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சிறிய தன்னார்வ அமைப்பில் வேலை பார்க்கிறேன். மானியத்தில் சொட்டுநீர் போட்ட விவசாயிகளில் சிலர் இரண்டு மூன்று வருடத்தில் அதை விட்டுவிட்டு மறுபடியும் வாய்க்கால் பாசனத்துக்கே போய்விடுகிறார்கள். ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கெடுப்பு. பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் தக்காளி, மஞ்சள் போடுகிறவர்கள் 400 பேரிடம் கேட்பதாகத் திட்டம்.

முழுக் கேள்வித்தாளுக்கு 35 நிமிடம் ஆகும். சம்பந்தமில்லாதவர்களை அவ்வளவு நேரம் உட்கார வைக்கக் கூடாது என்று முன்னால் மூன்று தகுதிக் கேள்விகள் வைத்தேன். நீங்கள் சிறு, குறு விவசாயியா? உங்கள் நிலத்தில் சொட்டுநீர்ப் பாசனம் இருக்கிறதா? நிலம் உங்கள் பெயரில் இருக்கிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் தொடர்வோம், ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் நன்றி சொல்லிக் கிளம்பிவிடுவோம்.

வெள்ளோட்டமாக 60 பேரிடம் கேட்டோம். 52 பேர் தேறினார்கள். நிம்மதியாக இருந்தது. அப்புறம் அந்த 52 பேரில் 15 பேரின் தோட்டத்துக்கு நானே போனேன். 6 தோட்டங்களில் டியூப்பைச் சுருட்டி மோட்டார் ரூமில் போட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு இடத்தில் சொட்டுநீரே கிடையாது, விண்ணப்பம் கொடுத்ததோடு சரி. ஒருவருக்குப் பன்னிரண்டு ஏக்கர் இருக்கிறது. இவர்கள் எல்லோரும் முழுக் கேள்வித்தாளுக்கும் பதில் சொல்லியிருக்கிறார்கள். "வாரத்தில் எத்தனை நாள் சொட்டுநீர் திறப்பீர்கள்" என்ற கேள்விக்கு "நான்கு நாள்" என்றுகூட எழுதியிருக்கிறது.

அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கேட்ட விதத்தில்தான் ஏதோ கோளாறு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

களத்துமேடு | செவ்வாய், இரவு 10.05

தங்கச்சி, சந்தை ஆய்வு நிறுவனங்களில் 22 வருடம் ஃபீல்டு சூப்பர்வைசராக இருந்தவன் நான். வெள்ளோட்டத்திலேயே தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தீர்களே, அது பெரிய வேலை. நிறைய பேர் 400 முடித்த பிறகுகூடப் போய்ப் பார்ப்பதில்லை.

உங்கள் மூன்று கேள்விகளிலும் ஒரே கோளாறுதான். எந்தப் பதில் சொன்னால் உள்ளே விடுவீர்கள் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. கையில் பேப்பரோடு ஒரு ஆள் வந்து "சொட்டுநீர் இருக்கிறதா" என்று கேட்டால், சொட்டுநீர் சம்பந்தமாக ஏதோ கொடுக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். இல்லை என்று சொல்லி அதை ஏன் இழக்க வேண்டும்? அதோடு நம் ஊரில் வீட்டு வாசலுக்கு வந்தவரின் முகம் வாடும்படி பதில் சொல்ல மாட்டார்கள். "ஆமாங்க" என்பது பாதி நேரம் மரியாதைச் சொல்.

நாங்கள் ஸ்கிரீனர், அதாவது தகுதிக் கேள்விகள், எழுதும்போது முதலில் பார்ப்பது இதைத்தான். ஆம் / இல்லை கேள்வி கூடாது. ஷாம்பு பற்றிய சர்வே என்றால் "இந்த ஷாம்பு போடுகிறீர்களா" என்று ஒருநாளும் கேட்க மாட்டோம். "கடந்த ஒரு மாதத்தில் வீட்டுக்கு என்னென்ன வாங்கினீர்கள்" என்று பத்துப் பொருளை அடுக்குவோம். சோப்பு, பேஸ்ட், ஷாம்பு, தேங்காய் எண்ணெய், சாம்பிராணி எல்லாம் அதில் இருக்கும். எங்களுக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. கேட்கிற பையனுக்கே தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, ஆளின் அடையாளத்தைக் கேட்காதீர்கள், அவர் செய்ததைக் கேளுங்கள். "சிறு விவசாயியா" என்பது ஒரு பெயர். "போன பட்டத்தில் எத்தனை ஏக்கரில் என்ன போட்டீர்கள்" என்பது நடந்த விஷயம். கணக்கை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். வருமானத்தை நாங்கள் நேரடியாகக் கேட்காததும் இதனால்தான். 2011-லிருந்து இந்தியச் சந்தை ஆய்வில் பரவலாக இருந்த வகைப்பாடு, வீட்டில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பு என்ன, 11 பொருட்களில் எத்தனை வீட்டில் இருக்கிறது, இந்த இரண்டை வைத்துத்தான் குடும்பத்தைப் பன்னிரண்டு படிகளில் ஒன்றில் வைத்தது. சீலிங் ஃபேன், கேஸ் அடுப்பு, டூ வீலர், ஃபிரிட்ஜ், விவசாய நிலம் என்று போகும் அந்தப் பட்டியல். சம்பளம் எவ்வளவு என்றால் மழுப்புகிறவர்கள் வாஷிங் மெஷின் இருக்கிறதா என்றால் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள்.

மானாவாரி | செவ்வாய், இரவு 10.31

நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். எதைப் பற்றிய கணக்கெடுப்பு என்பதை மறைத்துக் கேட்பது அவர்களை ஏமாற்றுவது ஆகாதா? எங்கள் அமைப்பில் ஒப்புதல் வாங்காமல் எதையும் கேட்கக் கூடாது என்று இருக்கிறது.

களத்துமேடு | செவ்வாய், இரவு 10.48

நல்ல கேள்வி. பொய் சொல்லக் கூடாது. "விவசாயம், தண்ணீர் பற்றி ஒரு கணக்கெடுப்பு, யாரிடமிருந்து வருகிறோம், இதனால் மானியம் எதுவும் வராது, போகவும் போகாது, விருப்பம் இல்லாவிட்டால் விட்டுவிடலாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவ்வளவும் உண்மை. ஸ்கிரீனர் முடிந்து ஆள் தேறிய பிறகு "இது குறிப்பாகச் சொட்டுநீர் பற்றியது, 35 நிமிடம் ஆகும்" என்று முழுதாகச் சொல்லி இன்னொரு முறை சம்மதம் கேளுங்கள்.

கதிரறுப்பு | புதன், காலை 6.20

நான் சர்வே எடுக்கிறவன் இல்லை, எடுக்கப்படுகிறவன். கிருஷ்ணகிரி மாவட்டம், போச்சம்பள்ளி பக்கம். மூன்றரை ஏக்கர். மா, தக்காளி, கொஞ்சம் நெல்.

எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். "சிறு குறு விவசாயியா" என்று யார் கேட்டாலும் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தாசில்தார் ஆபீசில் வாங்குகிற சான்றிதழ்தான். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு நூறு சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். 5 ஏக்கர்தான் கோடு. அந்தப் பன்னிரண்டு ஏக்கர்காரர் நிலத்தை அண்ணன் தம்பி பெயரில் பிரித்து எழுதியிருக்கலாம், காகிதப்படி அவர் சிறு விவசாயியாகவே இருக்கலாம். உங்களிடம் சொன்ன பதிலை நாளைக்கு வேறு யாராவது கேட்டால் என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு இருக்கும்.

டியூப்பைச் சுருட்டி வைத்தவர்கள் "இருக்கிறது" என்று சொன்னதில் என்ன தப்பு? இருக்கிறதுதானே. மோட்டார் ரூமில் இருக்கிறது. நீங்கள் ஓடுகிறதா என்று கேட்கவில்லை. அதோடு மானியத்தில் வாங்கிய பொருளை எடுத்து வைத்துவிட்டேன் என்று முன்பின் தெரியாத ஆளிடம் யார் ஒப்புக்கொள்வார்கள்?

நிலம் உங்கள் பெயரிலா என்ற கேள்வியை மறு யோசனை இல்லாமல் எடுத்துவிடுங்கள். எங்கள் அப்பா இறந்து எட்டு வருடம் ஆகிறது, பட்டா இன்னும் அவர் பெயரில்தான். எங்கள் ஊரில் உழுகிறவர்களில் பலருக்கு இதே கதை. குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கும் செய்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள். உண்மையில் மண்ணில் நிற்கிற ஆளை அந்தக் கேள்வி வெளியே அனுப்பிவிடும்.

இன்னொன்று. சொட்டுநீரை விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று தெரியத்தான் சர்வே என்றீர்கள். அப்படியென்றால் சுருட்டி வைத்த அந்த ஆறு பேர்தானே நீங்கள் தேடுகிற ஆட்கள்? அவர்களைத் தவறான ஆட்கள் என்கிறீர்கள், எனக்குப் புரியவில்லை.

மானாவாரி | புதன், காலை 8.02

ஐயா, நீங்கள் கடைசியில் எழுதியதைப் படித்து அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதம் இந்தக் கேள்வித்தாளோடு இருந்திருக்கிறேன். ஒருமுறைகூட எனக்கு இது தோன்றவில்லை. உண்மையைச் சொல்கிற விவசாயி, "இப்போது இல்லைங்க, எடுத்துவிட்டேன்" என்று சொல்லியிருந்தால், நன்றி சொல்லி அனுப்பியிருப்போம். அப்படி அனுப்பிய 8 பேரில் எத்தனை பேர் அந்த மாதிரியோ தெரியவில்லை. அவர்கள் ஏன் "இல்லை" என்றார்கள் என்று நாங்கள் குறித்து வைக்கவில்லை.

பெட்டகம்_திருச்சி | புதன், காலை 10.40

கல்லூரியில் புள்ளியியல் பாடம் எடுக்கிறேன். கதிரறுப்பு ஐயா சொன்னதுதான் இந்த இழையின் மையம். யார் நமக்கு வேண்டும் என்பதை ஒரு தாளில் முழு வாக்கியமாக எழுதிய பிறகுதான் தகுதிக் கேள்வியைத் தொட வேண்டும். "சொட்டுநீர் விவசாயிகள்" என்பது வாக்கியம் ஆகாது. "கடந்த ஐந்து ஆண்டுகளில் எப்போதாவது சொட்டுநீர் பதித்து, குறைந்தது ஒரு பயிருக்காவது அதில் தண்ணீர் விட்டவர்கள், இன்று ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும்" என்று எழுதினால் கேள்வி தானாக வரும்.

எண்ணிக்கையில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. நாம் தேடுகிறவர்கள் அரிதாக இருந்தால், சிறிய பிழையும் பெரிதாகிவிடும். உதாரணத்துக்கு, வெஞ்சுரி என்ற உரம் கலக்கும் கருவி வைத்துச் சொட்டுநீரிலேயே உரம் விடுகிறவர்களைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரில் உண்மையில் 50 பேர்தான் அப்படி. அவர்களில் பத்தில் ஒருவர் "இல்லை" என்று தவறாகச் சொன்னால் 45 பேர் கிடைப்பார்கள். மீதி 950 பேரில் நூற்றுக்கு ஐந்து பேர் மட்டும் "ஆம்" என்று தவறாகச் சொன்னால் 47 பேர் உள்ளே வந்துவிடுவார்கள். தேறிய 92 பேரில் பாதிக்கு மேல் சம்பந்தமில்லாதவர்கள். இத்தனைக்கும் ஆயிரம் பேரில் ஏறக்குறைய 950 பேர் உண்மையைத்தான் சொன்னார்கள்.

அமெரிக்காவில் இதை வைத்துப் பெரிய சர்ச்சையே நடந்தது. தற்காப்புக்காக ஆண்டுக்கு 25 லட்சம் முறை துப்பாக்கி பயன்படுகிறது என்று 1995-ல் கிளெக், கெர்ட்ஸ் என்ற இருவர் எழுதினார்கள். ஏறக்குறைய 5,000 பேரிடம் தொலைபேசியில் கேட்டதில் நூற்றில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் "ஆம்" என்றதை நாடு முழுமைக்கும் பெருக்கி வந்த எண் அது. 1997-ல் ஹெமன்வே என்ற ஆய்வாளர் மறுத்தார். நூற்றில் ஒருவர் ஏதோ காரணத்தால் தவறாக "ஆம்" சொன்னாலே இந்த எண்ணில் பெரும்பகுதி வந்துவிடுமே என்பது அவர் வாதம். அந்தச் சர்ச்சையில் நான் எந்தப் பக்கம் என்பது இங்கே முக்கியமில்லை. அரிதானதைத் தேடும்போது உள்ளே விடுகிற கேள்வி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மானாவாரி, ஒரு வேண்டுகோள். வெளியே அனுப்புகிறவர்களை எந்தக் கேள்வியில் அனுப்பினீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் உங்கள் 400 பேர் எத்தனை பேரிலிருந்து வந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

கண்ணாடித்திரை | புதன், பகல் 1.15

பெங்களூரில் ஆன்லைன் சர்வேக்களுக்கு புரோகிராம் எழுதுகிறேன். நேரில் கேட்பதிலேயே இவ்வளவு என்றால், ஆன்லைனில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பதில் சொல்பவருக்குக் காசு, பாயிண்ட். ஸ்கிரீனரில் வெளியே போனால் ஒன்றும் கிடைக்காது. அதனால் எதைக் கேட்டாலும் "ஆம்" என்று சொல்லப் பழகிவிடுகிறார்கள்.

2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் ப்யூ ஆராய்ச்சி மையம் ஒரு சோதனை செய்தது. யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய ஆன்லைன் சர்வே ஒன்றில், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில் ஒரு வகையை இயக்க உங்களுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டார்கள். 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் 12 சதவீதம் பேர் இருக்கிறது என்றார்கள். நிஜத்தில் அது ஏறக்குறைய பூஜ்ஜியம்தான்.

இதனால் உண்மையான கேடும் வந்திருக்கிறது. 2020 மே மாதம், கொரோனா நேரம், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்காக 502 பேரிடம் ஆன்லைனில் கேட்டதில் 4 சதவீதம் பேர் பிளீச் கரைசலைக் குடித்தோம் அல்லது வாய் கொப்பளித்தோம் என்றார்கள். உலகம் முழுக்கச் செய்தி ஆனது. அப்புறம் வேறு ஆய்வாளர்கள் அதே கேள்வியைச் சோதனைக் கேள்விகளோடு சேர்த்துக் கேட்டுப் பார்த்தார்கள். துப்புரவுத் திரவம் குடித்ததாகச் சொன்னவர்களில் மிகப் பெரும்பாலோர், நடக்கவே முடியாத விஷயங்களுக்கும் "ஆம்" சொன்னவர்கள், அல்லது கவனமே இல்லாமல் பதில் தட்டியவர்கள். அவர்களை நீக்கினால் அந்தச் செய்திக்கு ஆதாரமே மிஞ்சவில்லை.

தகுதி எது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், தகுதி இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் கூடுகிறார்கள் என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வும் காட்டியது. முதல் தடவை வெளியே தள்ளப்பட்டவர்கள் பதிலை மாற்றிக்கொண்டு திரும்பவும் வருகிறார்கள். அதனால் நாங்கள் ஒரே ஆள் இரண்டாம் முறை உள்ளே வர முடியாதபடி பூட்டுகிறோம். நான்காவது கேள்வியில் தகுதி போனாலும் உடனே துரத்தாமல், ஸ்கிரீனர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கடைசியில் அனுப்புகிறோம். எந்தக் கேள்வியில் மாட்டினோம் என்று அவருக்குத் தெரியக் கூடாது. நிஜத்தில் இல்லாத பொருள் ஒன்றின் பெயரையும் பட்டியலில் போட்டு வைக்கிறோம், அதைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பதிலைச் சந்தேகத்தோடு பார்ப்போம்.

2025 ஏப்ரலில் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் எட்டுப் பேர் மீது குற்றப்பத்திரிகை போட்டார்கள். ஆட்களைக் காசு கொடுத்துத் திரட்டி, எந்த ஸ்கிரீனருக்கு என்ன பதில் சொன்னால் தேறலாம் என்று சொல்லிக் கொடுத்து, போலிப் பதில்களை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த ஆட்களுக்கு அவர்களுக்குள் வைத்த பெயர் "எறும்புகள்". ஒரு கோடி டாலர் அளவுக்குப் போனது என்கிறார்கள். ஸ்கிரீனர் எழுதுகிறவர்கள் இதைப் படித்தால் ராத்திரி தூக்கம் வராது. எனக்கு வரவில்லை.

களத்துமேடு | புதன், பகல் 2.30

கண்ணாடித்திரை தம்பி சொன்னது ஆன்லைனுக்குச் சரி. கிராமத்தில் இல்லாத பொருளின் பெயரைச் சொல்லிச் சோதிக்காதீர்கள். பெரியவர்களைச் சோதனை வைத்துப் பார்த்தோம் என்று தெரிந்தால் அந்த ஊரில் அடுத்து யாரும் பேச மாட்டார்கள். எல்லாக் கேள்வியையும் கேட்டுவிட்டுக் கடைசியில் அனுப்புவதும் ஐந்து கேள்விக்குள் என்றால் பரவாயில்லை. வேலையை விட்டு வந்து நிற்கிறவரிடம் பதினைந்து கேள்வி கேட்டுவிட்டு "நீங்கள் தேறவில்லை" என்பது அநியாயம். அந்தச் சொல்லையே பயன்படுத்தாதீர்கள். "இந்த முறை வேறு விதமாகத் தண்ணீர் விடுகிறவர்களைப் பார்க்கிறோம், உங்கள் பதிலையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லலாம். அது உண்மையும்கூட.

சேலத்து_மல்லிகை | புதன், இரவு 9.50

எல்லோரும் பதில் சொல்கிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கேட்கிறவர்களைப் பற்றி நான் சொல்கிறேன். நான் பல வருடங்களுக்கு முன் ஒரு பெரிய சுகாதாரக் கணக்கெடுப்பில் ஆறு மாதம் கேள்வி கேட்கும் வேலை பார்த்தேன்.

முதலில் வீட்டில் இருக்கிற எல்லோரையும் பட்டியல் எடுப்போம். அதில் 15 முதல் 49 வயதுப் பெண்கள் இருந்தால் அவர்களிடம் தனியாக நீண்ட கேள்வித்தாள். சிறு குழந்தை இருந்தால் தடுப்பூசி, தாய்ப்பால், எடை, உயரம் என்று இன்னும் நீளும். ஒரு பெண்ணோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாளுக்கு இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்று மேலே இருந்து நெருக்குவார்கள். வெயிலில் அலைந்து ஐந்து மணிக்கு ஒரு வீட்டுக்குப் போனால், "எனக்கு 47, 48 இருக்கும்மா" என்று ஓர் அம்மா சொன்னால், 50 என்று எழுதக் கை போகும். நான் எழுதியிருக்கிறேன். இரண்டு முறை. இன்று வரை மனசில் இருக்கிறது.

பிறகுதான் தெரிந்தது, இது எங்கள் குழுவில் மட்டும் நடந்தது இல்லை. இந்த மாதிரிக் கணக்கெடுப்புகளைப் பல நாடுகளில் ஆராய்ந்தவர்கள், 45-49 வயதில் பெண்கள் குறைந்தும் 50-54ல் கூடியும் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். குழந்தை பற்றிய கேள்விகள் எந்த வருடம் பிறந்தவர்களிலிருந்து தொடங்குகிறதோ, அதற்கு முன்னால் பிறந்த தேதியைத் தள்ளி எழுதுவதும் உண்டு. நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணின் உடம்புக்கு என்ன என்று அந்தக் கணக்கெடுப்பு தெரிந்துகொள்ளாமலே போய்விடுகிறது.

அதனால் மானாவாரி, ஆளுக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதாக இருந்தால், வெளியே அனுப்பிய வீட்டுக்கும் ஒரு தொகை கொடுங்கள். தேறிய ஆளுக்கு மட்டும் கூலி என்றால் தேறாதவரைத் தேற வைப்பார்கள். நாள் கூலி என்றால் தேறியவரைத் தேறாமல் செய்வார்கள். உங்கள் 52ல் அந்த இரண்டு விண்ணப்பக்காரர்கள் எப்படி வந்தார்கள் என்று உங்கள் ஆட்களிடம் அன்பாகக் கேட்டுப் பாருங்கள்.

மானாவாரி | வியாழன், காலை 7.45

அக்கா, கேட்டேன். தேறிய ஆளுக்கு 80 ரூபாய் என்றுதான் பேசியிருந்தோம். ஒரு பையன் ஒப்புக்கொண்டான். "அடுத்த மாசம் வந்துடும்னு சொன்னாருக்கா, அதான் இருக்குன்னு போட்டுட்டேன்" என்றான். அவனைத் திட்டவில்லை. கூலி பேசியது நாங்கள்தானே. இனி நாள் கூலி, அதோடு பத்தில் ஒரு வீட்டுக்கு நானே மறுபடியும் போய்ப் பார்ப்பேன் என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

மூன்றுசக்கரம் | வியாழன், காலை 11.20

சற்று விலகிப் போகிறேன், ஆனால் சம்பந்தம் உண்டு. நான் மாற்றுத்திறனாளி, அந்த இயக்கத்தில் இருப்பவன். ஒரு தகுதிக் கேள்வியின் வார்த்தை எத்தனை கோடிப் பேரை மறைக்கும் என்பதை நாங்கள் வாழ்ந்து பார்க்கிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, 2.21 சதவீதம். உலக அளவில் ஏறக்குறைய 16 சதவீதம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் மட்டும் எப்படி இவ்வளவு குறைவு? வரையறை வேறு, வயது அமைப்பு வேறு, எல்லாம் சரி. ஆனால் வாசலில் வந்து "வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா" என்று கேட்டால், கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் என்ன பதில் வரும்? காது மந்தமான பாட்டியை யார் அந்தக் கணக்கில் சொல்வார்கள்? அவருக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்பார்கள்.

ஐக்கிய நாடுகள் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001-ல் அமைந்த வாஷிங்டன் குழு இதற்கு ஆறு கேள்விகளை உருவாக்கியது. ஊனம் என்ற சொல்லே அதில் கிடையாது. கண்ணாடி போட்ட பிறகும் பார்க்கச் சிரமம் இருக்கிறதா, கேட்க, நடக்க அல்லது படியேற, நினைவில் வைக்க, குளிக்க உடுத்த, மற்றவர்களோடு பேசிப் புரிந்துகொள்ளச் சிரமம் இருக்கிறதா? பதிலும் ஆம் / இல்லை கிடையாது. சிரமம் இல்லை, கொஞ்சம், அதிகம், முடியவே முடியாது என்று நான்கு படி. யாரையும் ஒரு பெயருக்குள் நிற்கச் சொல்லாமல் ஆளைக் கண்டுபிடிக்கிறது.

"சொட்டுநீரைக் கைவிட்டவரா" என்று நீங்கள் கேட்டாலும் இதே கதைதான். கைவிட்டவர் என்ற பெயரை யாரும் விரும்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மானாவாரி | வெள்ளி, இரவு 10.10

உங்கள் எல்லோர் பதிலையும் வைத்து மாற்றி எழுதிப் பார்த்தேன். மூன்று முறை கிழித்துப் போட்ட பிறகு வந்தது இது.

முதலில்: போன பொங்கலிலிருந்து இந்தப் பொங்கல் வரை, உங்கள் வீட்டார் எந்தெந்த நிலத்தில், சொந்தமோ குத்தகையோ வாரமோ, என்னென்ன பயிர் வைத்தீர்கள்? ஒவ்வொன்றும் எத்தனை ஏக்கர், சென்ட்? (பட்டா பற்றிக் கேட்கவே இல்லை. ஏக்கரை நாங்கள் கூட்டிக்கொள்வோம்.)

இரண்டாவது: ஒவ்வொரு பயிருக்கும் தண்ணீர் எப்படிப் போனது? வாய்க்கால், ஓஸ் பைப், தெளிப்பான், சொட்டுநீர், மழை மட்டும், வேறு. ஒன்றுக்கு மேலும் சொல்லலாம்.

மூன்றாவது: அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் இதே நிலங்களில் வேறு எந்த விதத்திலாவது தண்ணீர் விட்டதுண்டா? என்னென்ன? அதே பட்டியல்.

இரண்டாவதிலோ மூன்றாவதிலோ சொட்டுநீர் வந்தால் தொடர்வோம். இரண்டாவதில் வந்தால் ஓட்டுகிறவர். மூன்றாவதில் மட்டும் வந்தால் மாறியவர். இரண்டு பேருக்கும் தனித்தனிக் கேள்வித்தாள், ஆளுக்கு 200. எந்தக் கேள்வியில் யார் வெளியே போனாலும் குறிப்போம்.

நாளைக்கு 20 வீட்டில் கேட்டுப் பார்க்கிறோம்.

பெட்டகம்_திருச்சி | வெள்ளி, இரவு 10.44

மிக நன்றாக வந்திருக்கிறது. மூன்றாவது கேள்விதான் உயிர். ஆனால் ஐந்து வருட நினைவு மங்கலாக இருக்கும். "பெருமழை பெய்த வருடத்துக்குப் பிறகா முன்பா" என்பதுபோல ஊருக்குத் தெரிந்த நிகழ்வு ஒன்றோடு கட்டிக் கேளுங்கள். அப்புறம் 200, 200 என்று கோட்டா வைத்தால், இருவரையும் சேர்த்து "சொட்டுநீர் போட்டவர்களில் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பாதி நீங்கள் வைத்த பாதி. உண்மை விகிதம் நீங்கள் குறிக்கிற தகுதிக் கணக்கிலிருந்துதான் வரும், அதற்கும் வீடுகளை வரிசை மாறாமல், விருப்பப்படி தேர்ந்தெடுக்காமல் போயிருக்க வேண்டும்.

களத்துமேடு | சனி, காலை 5.55

ஒன்று விட்டுப்போனது. வீட்டில் யாரிடம் கேட்கப் போகிறீர்கள்? கதவைத் திறந்த ஆளிடமா? லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949-லேயே வீட்டுக்குள் ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார், இன்றும் ஃபீல்டில் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் உங்களுக்கு வீட்டில் யாரோ ஒருவர் போதாது, சொட்டுநீர் தெரிந்தவர் வேண்டும். அதற்கும் ஒரு கேள்வி வேண்டும்.

கதிரறுப்பு | சனி, காலை 6.30

அதற்கு நான் சொல்கிறேன். "கடைசியாக கேட்வால்வைத் திறந்தது யார்" என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் மானியத்துக்கு அலைந்தது நான், கையெழுத்துப் போட்டது நான். தினமும் வால்வு திருப்புவது, ஃபில்டர் கழுவுவது, அணில் கடித்த இடத்தில் டியூப்பை ஒட்டுவது எல்லாம் என் வீட்டுக்காரி. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், ஓட்டை அடைத்துக்கொள்ளும். எந்த வரிசையில் அடைத்திருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். இதுவரை நான்கு சர்வே வந்திருக்கிறது. நான்கிலும் என்னைத்தான் கேட்டார்கள்.

மானாவாரி | ஞாயிறு, இரவு 8.40

20 வீடு முடிந்தது. சொட்டுநீர் ஓட்டுகிறவர்கள் 7, மாறியவர்கள் 6, எப்போதும் போடாதவர்கள் 7. பதிமூன்று தோட்டத்துக்கும் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டில் சொன்னது அப்படியே இருந்தது. ஒன்றில் மட்டும் முரண். சொட்டுநீர் மாமனார் நிலத்தில் இருக்கிறது, இவர் தன் நிலம் என்று சொல்லியிருக்கிறார். முதல் கேள்வியில் "உங்கள் வீட்டார்" என்று இருப்பதால் வந்த குழப்பம், "ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்" என்று மாற்றிவிட்டேன்.

கேட்வால்வு கேள்விக்குப் பதிமூன்றில் ஐந்து வீட்டில் அம்மா அல்லது மருமகள் பெயர் வந்தது. அந்த ஐந்து பேரும் "என்னையா கேட்கிறீர்கள்" என்று தயங்கினார்கள், அப்புறம் 35 நிமிடம் போதவில்லை. மாறியவர்களில் நான்கு பேர் உப்பு அடைப்பைத்தான் முதலில் சொன்னார்கள். என் பழைய கேள்வித்தாளில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

கதிரறுப்பு ஐயா, உங்கள் வீட்டில் அம்மாவிடம் இந்தக் கேள்வித்தாளைப் படித்துக் காட்டிக் கருத்துக் கேட்க முடியுமா? போச்சம்பள்ளி எனக்கு ஒரு மணி நேரம்தான்.

கதிரறுப்பு | ஞாயிறு, இரவு 9.05

கேட்டேன். வரச் சொல்கிறாள். காலையில் தண்ணீர் திறக்கிற நேரத்துக்கு வந்தால் நல்லது என்கிறாள், ஏழு மணிக்குள். மும்முனை கரண்ட் எங்களுக்கு அப்போதுதான் வருகிறது. தோட்டத்திலேயே பேசலாம்.